கோழி முடி எடுக்குற மெஷினைப் பராமரிக்கறது: சின்னப் பண்ணைக்காரங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

வீட்டளவுல கோழி வளர்த்து, மாசத்துக்கு ரெண்டு மூணு தடவை 20, 40 கோழியை நாமளே அறுத்து சுத்தம் பண்றவங்களுக்காக எழுதினது இது. நான் பேசப்போறது டிரம் மெஷினைப் பத்தி. நிக்கிற டிரம், சுவர் முழுக்க ரப்பர் விரல், அடியில சுத்துற தட்டு, அந்தத் தட்டுலயும் ரப்பர் விரல், மேலருந்து தண்ணி விழும், கீழ் பக்கமா முடி வெளிய போகும், அந்த மாதிரி. இத்தனை வருஷத்துல நான் பார்த்தவரைக்கும் இந்த மெஷின் ஓடுறதால கெட்டதை விட, கழுவாம அப்படியே விட்டுட்டுப் போன ராத்திரிகள்ல கெட்டதுதான் அதிகம். அதனால கழுவுற கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாவே பதில் இருக்கும், பொறுமையா படிங்க.

மெஷின் முன்ன மாதிரி முடி எடுக்க மாட்டேங்குது. முதல்ல எதைப் பாக்கணும்?

மெஷினைத் தொடாதீங்க, முதல்ல சுடுதண்ணியைப் பாருங்க. "மெஷின் சரியில்ல"ன்னு வர்ற புகார்ல பெரும்பாதி தண்ணிச் சூட்டுல வந்துதான் முடியும். வழக்கமா 60லருந்து 65 டிகிரி செல்சியஸ் தண்ணில முக்கால் நிமிஷத்துலருந்து ஒன்றரை நிமிஷம் முக்கினா முடி இளகிடும். தோலோட மஞ்சள் மேல்படலம் அப்படியே இருக்கணும்னா 50லருந்து 53 டிகிரில ரெண்டு மூணு நிமிஷம் வைக்கணும், ஆனா அதுல முடி அவ்வளவு சுலபமா வராது, மெஷின் கொஞ்சம் அதிகமா உழைக்கணும். கைய விட்டுப் பார்த்து சூட்டைக் கணிக்கறதெல்லாம் வேண்டாம், ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வச்சுக்கோங்க, ஒவ்வொரு கோழி உள்ள போகும்போதும் தண்ணி ஆறிக்கிட்டே வரும்ங்கறதை அது மட்டும்தான் சரியா சொல்லும்.

முக்கும்போது காலைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டணும், சும்மா போட்டு வச்சா முடிக்கு அடியில தண்ணி போகாது. ரெக்கையிலயும் வால்லயும் இருக்கற பெரிய முடியை இழுத்துப் பாருங்க, தடையில்லாம கையோட வந்துச்சுன்னா போதும், எடுத்து மெஷின்ல போடலாம். வாத்துக்கு இது பத்தாது, அதோட முடி தண்ணியை ஒட்ட விடாது, கொஞ்சம் கூடுதல் சூடும் நேரமும் தண்ணில துளி பாத்திர சோப்பும் வேணும்.

சூடு சரியா இருந்தும் முடி நிக்குதுன்னா அப்புறம் பெல்ட் வழுக்குதான்னு பாருங்க, அதுக்கும் அப்புறம்தான் ரப்பர் விரல்.

தோல் கிழிஞ்சு கிழிஞ்சு வருது, விரல் ரொம்ப கடினமா போச்சா?

இருக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி சூடு கூடிப்போச்சான்னு பாருங்க. ரொம்ப நேரம் முக்கினா தோல் வெந்துடும், வெந்த தோலைப் புது ரப்பர் கூட கிழிக்கும். இன்னொன்னு, 15லருந்து 30 செகண்ட்ல முடிய வேண்டிய வேலையை "இன்னும் ரெண்டு முடி இருக்கே"ன்னு ஒரு நிமிஷம் வரைக்கும் ஓட்டறது. தோலுக்குள்ள பாதி முளைச்ச குருத்து முடியை எந்த மெஷினும் முழுசா எடுக்காது, அதை வெளிய எடுத்து கையாலதான் பிடுங்கணும். மூணாவது காரணம் தண்ணி. மெஷின் ஓடும்போது மேலருந்து தண்ணி விழுந்துக்கிட்டே இருக்கணும், தண்ணி நின்னா ரப்பர் தோல் மேல வழுக்காம பிடிச்சு இழுக்கும். ஸ்ப்ரே குழாய் ஓட்டையில உப்பு அடைச்சிருக்கான்னு மாசத்துக்கு ஒருதடவை ஊசியால குத்தி விடுங்க.

இதெல்லாம் சரின்னா அப்ப விரல்தான். வெயில்ல கிடந்த ரப்பர் கட்டையாப் போயிருக்கும்.

ரெக்கையும் காலும் ஒடியுதே?

தட்டுக்கும் டிரம் சுவருக்கும் நடுவுல இருக்கற இடைவெளியைப் பாருங்க. அந்தச் சந்து முடி போற அளவுக்குத்தான் இருக்கணும், கோழிக்கால் நுழையற அளவுக்கு இருந்தா மாட்டிக்கிட்டு ஒடியும். முன்னாடி ஒடியாம இப்பதான் ஒடியுதுன்னா தட்டு ஒரு பக்கமா சாஞ்சிருக்கு, இல்ல நடுத்தண்டோட பேரிங் ஆட்டம் கொடுத்துடுச்சுன்னு அர்த்தம். பிளக்கைக் கழட்டிட்டு தட்டை மெதுவா கையால சுத்தி, சந்து எல்லாப் பக்கமும் ஒரே அளவா இருக்கான்னு பாருங்க, ஒரு இடத்துல அகலமா இன்னொரு இடத்துல ஒட்டிக்கிட்டு வந்தா பேரிங்கையும் போல்ட்டையும் பாக்கணும்.

வேகமும் ஒரு காரணம். தட்டு நிமிஷத்துக்கு 250லருந்து 300 சுத்துக்குள்ள இருந்தா நல்லது. மோட்டார் 1440 சுத்து, அதுல 60 மில்லிமீட்டர் புல்லி, தட்டுப் பக்கம் 300 மில்லிமீட்டர் புல்லின்னா 1440ஐ 60ஆல பெருக்கி 300ஆல வகுங்க, 288 வரும். யாரோ மோட்டார் மாத்தும்போது கிடைச்ச புல்லியைப் போட்டுட்டுப் போயிருப்பாங்க, அதுலருந்து ஒடிய ஆரம்பிச்சிருக்கும், நமக்குத் தெரியாது. ஒரு கோழியை மட்டும் பெரிய டிரம்ல போட்டாலும் அது அங்கயும் இங்கயும் மோதி அடிபடும், அளவுக்கு மீறித் திணிச்சாலும் ஒடியும், உங்க டிரம் அளவுக்கு எத்தனைன்னு நாலு தடவை ஓட்டினா பிடிபட்டுடும்.

ரப்பர் விரலை எப்ப மாத்தணும்?

இதுக்கு வருஷக் கணக்கு கிடையாது, கண்ணால பார்த்துத்தான் முடிவு பண்ணணும். கழுவிக் காஞ்ச விரல் ஒண்ணைக் கட்டைவிரலால அழுத்தி நல்லா வளைச்சு, அது டிரம் சுவர்ல உக்காந்திருக்கற கழுத்துப் பக்கத்தை வெளிச்சத்துல பாருங்க. நேரா நிக்கும்போது வழவழன்னு தெரியற இடத்துல, வளைச்சதும் மயிரிழை மாதிரி வெடிப்பு வாயைத் திறக்கும், உள்ள பழுப்பா கொழுப்பு படிஞ்சிருக்கும். நீங்க எவ்வளவு தேய்ச்சாலும் பிரஷ் அந்த வெடிப்புக்குள்ள போகாது. சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் மாதிரி கிருமிங்க அங்கதான் தங்கி அடுத்த தடவை கோழி மேல ஏறும். வெடிப்பு தெரிஞ்சா அந்த விரல் போச்சு, அதுல யோசனையே வேண்டாம்.

வரிவரியா இருக்கற மேடு தேஞ்சு வழவழன்னு ஆனாலும் மாத்துங்க, அந்த வரிதான் முடியைப் பிடிக்குது. தொட்டா பிசுபிசுன்னு ஒட்டினா எண்ணெயோ கொழுப்போ ரப்பருக்குள்ள ஊறி அதைக் கெடுத்துடுச்சுன்னு அர்த்தம்.

முனை அறுந்த விரலைப் பார்த்தீங்கன்னா வேலையை நிறுத்திட்டு அந்தத் துண்டைத் தேடுங்க. ஒருதடவை எங்க பண்ணையில கோழியைக் கழுவும்போது அதோட கழுத்துச் சதைக்குள்ள சுண்டுவிரல் நகம் அளவு ரப்பர் துண்டு சொருகிக்கிட்டு இருந்ததை என் சம்சாரம்தான் பார்த்தாங்க. அன்னிக்கு அது சாப்பிடறவங்க தட்டு வரைக்கும் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இப்பவும் மனசு பதறுது. அதுலருந்து தொடங்கறதுக்கு முன்னாடி ஒருதடவை, முடிச்சதும் ஒருதடவை விரலை எண்ணிப் பாக்கறோம், ரெண்டு நிமிஷ வேலை.

எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தணுமா? எப்படி மாட்டறது, உள்ள போகவே மாட்டேங்குதே?

தட்டுல இருக்கறது சீக்கிரம் தேயும், சுவர்ல இருக்கறது நாள் தாங்கும், அதனால தட்டு விரலை ஒரு செட்டா மாத்திட்டு சுவர் விரலை வரிசை வரிசையா மாத்தலாம். ஒரே வரிசையில புதுசும் பழசும் கலந்தா நீளமும் விறைப்பும் வேறவேறயா இருக்கும், புதுசு மேல மட்டும் பாரம் விழும்.

மாட்டும்போது எண்ணெயோ கிரீஸோ தடவவே கூடாது, ரப்பரை அது தின்னுடும். சோப்புத் தண்ணில விரலை ஊற வச்சு, குளிர் காலமா இருந்தா வெதுவெதுப்பான தண்ணில போட்டு இளக வச்சு, வெளிப்பக்கத்துலருந்து ஓட்டையில விட்டு உள்பக்கமா நின்னு திருகித் திருகி இழுங்க, கழுத்துப் பள்ளம் ஓட்டைல டக்குன்னு உக்காரும். குறடால பிடிச்சா நுனியில ஒரு துணியைச் சுத்திப் பிடிங்க, குறடு பல் பட்ட இடத்துலதான் நாளைக்கு வெடிப்பு ஆரம்பிக்கும். ஓட்டை விளிம்பு கூரா இருந்தா அரத்தால மழுக்கிடுங்க, சில மெஷின்ல புது விரல் போட்ட மறுவாரமே அறுந்து விழறதுக்குக் காரணமே அந்த விளிம்புதான்.

வாங்கும்போது ஓட்டை விட்டத்தையும் தகட்டு கனத்தையும் அளந்துட்டுப் போங்க. காடைக்கு மிருதுவானது, வாத்துக்கு விறைப்பானதுன்னு தனித்தனியா வரும், பாக்க எல்லாம் ஒண்ணு போலவே இருக்கும்.

வேலை முடிஞ்சதும் எப்படிக் கழுவணும்? நாங்க கொதிக்கிற தண்ணி ஊத்தறோம், சரிதானே?

எடுத்ததும் கொதிதண்ணி ஊத்தறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. ரத்தம் புரதம், முட்டை வெள்ளைக்கரு மாதிரி சூடு பட்டா வெந்து ஒட்டிக்கும், அப்புறம் சுரண்டித்தான் எடுக்கணும். முதல்ல பச்சைத்தண்ணி இல்ல வெதுவெதுப்பான தண்ணியை ஊத்தி முடி, ரத்தம் எல்லாத்தையும் அடிச்சு விடணும். கடைசிக் கோழியை எடுத்த கையோட இதைப் பண்ணிடுங்க, குடல் எடுக்கற வேலை, பேக்கிங் எல்லாம் முடிச்சுட்டு வந்து கழுவலாம்னு விட்டா ரெண்டு மணி நேரத்துல எல்லாம் காஞ்சு பிடிச்சிருக்கும்.

அடுத்தது கை பொறுக்கற சூட்டுல, 50 டிகிரி கிட்ட, சோப்புத் தண்ணி. கொழுப்பைக் கரைக்க இந்தச் சூடு வேணும். நைலான் பிரஷ்ஷால ஒவ்வொரு விரலோட அடியையும் சுத்தித் தேய்க்கணும், மேலாக்க ஒரு வீசு வீசினா பத்தாது. அப்புறம் நல்ல தண்ணி விட்டு அலசி, கிருமிநாசினி, அப்புறம் காய விடறது.

ரொம்பப் பேர் மறக்கற இடம் தட்டுக்கு அடியில. மேல பளிச்சுன்னு இருக்கும், தட்டைக் கழட்டினா நடுத்தண்டைச் சுத்தி முடி கயிறு மாதிரி முறுக்கிக்கிட்டு, ஈரத்தோட அழுகி நாத்தம் அடிக்கும். அது கிருமி வீடு மட்டுமில்ல, பேரிங் சீலையும் அரிச்சு உள்ள தண்ணி இறங்க வழி பண்ணிடும். தட்டைக் கழட்டற வசதி இருந்தா ஒவ்வொரு தடவையும் கழட்டுங்க, ரொம்பக் கஷ்டமா மாட்டியிருந்தா மாசத்துக்கு ஒருதடவையாவது கழட்டுங்க, நடுவுல சந்து வழியா ஹோஸ் விட்டு அடிச்சு தட்டைக் கையால சுத்திச் சுத்தி விடுங்க. இதெல்லாம் பிளக்கைக் கழட்டி அந்த பிளக் உங்க கண்ணு முன்னாடி இருக்கும்போதுதான் பண்ணணும், சுவிட்சை ஆஃப் பண்ணிட்டேன்னு நம்பி கைய விடாதீங்க, வீட்டுல குழந்தைங்க இருக்காங்க, யாராவது வந்து தட்டி விட்டுடுவாங்க.

கிருமிநாசினி எவ்வளவு கலக்கணும்?

5 சதவீத பிளீச் திரவம்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு 4 மில்லி. அது 200 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்குல 200 பங்கு குளோரின் வரும், அதுக்கு மேல போட வேண்டியதில்ல, ரப்பரும் ஸ்டீலும்தான் கெடும். 10 நிமிஷம் விட்டு நல்ல தண்ணில அலசிடுங்க. அழுக்கு இருக்கும்போதே பிளீச் ஊத்தினா அந்த அழுக்கே குளோரினைத் தின்னு தீர்த்துடும், அதனால சோப்பு போட்டு அலசின பிறகுதான் இது. வினிகர், ஆசிட், அமோனியா கலந்த எந்த கிளீனரோடயும் பிளீச்சைச் சேர்க்கக் கூடாது, மூச்சை அடைக்கற விஷவாயு வரும். கலக்கினதை அன்னிக்கே தீர்த்துடுங்க, எடுத்து வச்சா வீரியம் போயிடும்.

பிரஷர் வாஷர்ல அடிக்கலாமா?

டிரம் உள்பக்கம் தூரமா நின்னு அடிக்கலாம், பேரிங், மோட்டார், சுவிட்சு பக்கம் காட்டவே காட்டாதீங்க. நான் இதை நஷ்டப்பட்டுத்தான் கத்துக்கிட்டேன். சுத்தமா இருக்கணும்ங்கற ஆசையில தட்டுக்கு அடியில கிட்டக்க வச்சு அடிச்சேன், மூணே மாசத்துல மெஷின் ஓடும்போது மணலை அரைக்கற மாதிரி சத்தம். பேரிங்கைக் கழட்டினா கிரீஸ் பால் மாதிரி வெள்ளையா வழிஞ்சுது, உள்ள குண்டெல்லாம் துரு. தண்ணியோட வேகம் சீலைத் தள்ளிட்டு உள்ள போயிருக்கு. சாதாரண ஹோஸும் பிரஷ்ஷும் போதும்.

கிரீஸ் எது, எவ்வளவு?

நிப்பிள், அதாவது கிரீஸ் கன் வச்சு அழுத்தற சின்ன முனை, இருக்கற பேரிங்னா ஈரத்தைத் தாங்கற, ஃபுட் கிரேடுன்னு டப்பால போட்ட கிரீஸ் வாங்குங்க. கழுவி முடிச்ச அன்னிக்கே ஒண்ணு ரெண்டு அழுத்து அழுத்தி, தட்டைக் கையால சுத்தி விட்டா உள்ள புகுந்த ஈரம் வெளிய தள்ளப்படும். சீல் பிதுங்கற வரைக்கும் அடிக்க வேண்டாம். வெளிய வந்ததைத் துடைச்சுடுங்க. ரப்பர் விரல் மேலயும் பெல்ட் மேலயும் பட்டுடக் கூடாது. மோட்டார் பேரிங் பெரும்பாலும் சீல் பண்ணினதா இருக்கும், அதுக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம், சத்தம் வந்தா மாத்தறதுதான்.

பெல்ட் எவ்வளவு இறுக்கமா இருக்கணும்?

ரெண்டு புல்லிக்கு நடுவுல அரை மீட்டர் தூரம்னா, நடுவுல கட்டைவிரலால அழுத்தும்போது 8லருந்து 10 மில்லிமீட்டர் அமுங்கணும். தொளதொளன்னு இருந்தா கோழி உள்ள விழுந்ததும் தட்டு தயங்கும், கீச்சுன்னு கத்தும், புல்லிக்குக் கீழ கருப்புத் தூளா கொட்டியிருக்கும். "எதுக்கும் இருக்கட்டும்"னு முறுக்கி வச்சா பேரிங் போயிடும், மோட்டார் சூடேறும். புது பெல்ட் போட்டா முதல் தடவை ஓட்டி முடிச்சதும் மறுபடி பாருங்க, அது கண்டிப்பா கொஞ்சம் நீண்டிருக்கும். ரெண்டு புல்லியும் ஒரே கோட்டுல இருக்கான்னு ஒரு நூலை இழுத்துப் பிடிச்சுப் பார்த்துடலாம். வி பெல்ட் பக்கவாட்டுலதான் பிடிக்கணும், புல்லி பள்ளத்தோட அடி பளபளன்னு தேஞ்சிருந்தா பெல்ட் கீழ இறங்கிடுச்சு, எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும்.

மோட்டார் "ம்ம்"ன்னு முனகுது, சுத்த மாட்டேங்குது.

உடனே ஆஃப் பண்ணுங்க, அப்படியே விட்டா சில நிமிஷத்துல காயில் கருகிடும். கையாலயோ குச்சியாலயோ சுத்தி ஸ்டார்ட் பண்ணப் பாக்காதீங்க. பிளக்கைக் கழட்டி, பெல்ட்டை எடுத்துட்டு, மோட்டார் தண்டையும் தட்டையும் தனித்தனியா சுத்திப் பாருங்க. தட்டு இறுகியிருந்தா முடி சுத்தியிருக்கு இல்ல பேரிங் பிடிச்சிருக்கு. ரெண்டும் லேசா சுத்துதுன்னா சிங்கிள் பேஸ் மோட்டார்ல பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான். அதைக் கழட்டி மாத்தறதை எலக்ட்ரீஷியன்கிட்ட விடுங்க, கரண்ட் இல்லாதப்பவும் அதுக்குள்ள சார்ஜ் நிக்கும், பலமா அடிக்கும்.

நீளமான, மெல்லிசான எக்ஸ்டென்ஷன் ஒயர்ல ஓட்டறவங்களுக்கும் இதே பிரச்சனை வரும், வோல்டேஜ் இறங்கி மோட்டாருக்கு இழுக்கற சக்தி இருக்காது. 1 ஹெச்பிக்கு மேல மோட்டார் இருந்தா அதுக்கு ஏத்த கனமான ஒயர் நேரா இழுத்துக்கோங்க.

தண்ணியும் கரண்டும் ஒரே இடத்துல, பயமா இருக்கு.

பயம் நியாயமானதுதான், ஈரத் தரையில வெறுங்காலோட நிக்கற வேலை இது. 30 மில்லி ஆம்பியர்ல டிரிப் ஆகற ஆர்சிடி, அதாவது கரண்ட் கசிஞ்சா உடனே லைனை வெட்டற பாதுகாப்பு சுவிட்சு, இல்லாம இந்த மெஷினை ஓட்டவே கூடாது, அதுல இருக்கற டெஸ்ட் பட்டனை மாசத்துக்கு ஒருதடவை அழுத்திப் பாருங்க. மோட்டார் உடம்புக்கும் இரும்பு ஸ்டாண்டுக்கும் எர்த் இருக்கணும். சுவிட்சு தண்ணி தெறிக்காத இடத்துல, மூடி போட்ட ரகமா இருக்கணும், ஒயர் மோட்டாருக்குள்ள நுழையற இடத்துக்கு முன்னாடி ஒரு தொங்கல் விட்டா தண்ணி ஒயரோட வழிஞ்சு உள்ள போகாம அங்கயே சொட்டிடும். லேசா சுர்ருன்னு அடிச்சாலும் "ஈரக் கை, அப்படித்தான் இருக்கும்"னு விடாதீங்க. அன்னிக்கு வேலையை நிறுத்திட்டுப் பாக்கணும். காலுக்கு ரப்பர் பூட்ஸ் போடுங்க.

ஓடும்போது கோழியைத் திருப்பி விட கைய விடலாமா?

கூடாது. தொளதொள கிளவுஸ், முழுக்கை சட்டை, தொங்கற ஏப்ரன் கயிறு எதுவும் டிரம் வாய் கிட்ட போகக் கூடாது.

ஸ்டீல்னு சொல்லித்தான் வாங்கினோம், ஆனா துருப்பிடிக்குதே?

கம்பி பிரஷ்ஷோ இரும்பு நார்க் கட்டையோ போட்டுத் தேய்ச்சீங்களான்னு யோசிச்சுப் பாருங்க. அதுலருந்து வர்ற இரும்புத் துகள் ஸ்டீல்ல பதிஞ்சு அதுதான் துருப்பிடிக்கும். பிளீச்சை அலசாம விட்டாலும் புள்ளி புள்ளியா குழி விழும். ஸ்டாண்டும் போல்ட்டும் சாதா இரும்பா இருந்தா தேய்ச்சு பெயிண்ட் அடிங்க, ஆனா டிரம் உள்பக்கம் பெயிண்ட் கூடவே கூடாது, உரிஞ்சு கோழியில ஒட்டும்.

பக்கத்துப் பண்ணைக்காரங்க மெஷினை இரவல் கேக்கறாங்க, கொடுக்கலாமா?

மனசுக்குக் கஷ்டமான கேள்வி, ஏன்னா உதவிக்கு உதவின்னுதான் நாம எல்லாரும் இருக்கோம். ஆனா பறவைக் காய்ச்சல், வெள்ளைக் கழிச்சல் ரெண்டுமே எச்சத்துலயும் இறகுலயும் ஒட்டிக்கிட்டுப் பயணம் பண்ணும், மெஷின் சக்கரத்துல ஒட்டின சேறு போதும். நோய் பேச்சு அடிபடற நேரத்துல கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம், நேரா சொல்லிடுங்க, புரிஞ்சுக்குவாங்க. மத்த நேரத்துல கொடுத்தா, திரும்பி வந்ததும் கோழிக் கொட்டகைக்கு எட்டத்துலயே நிறுத்தி, தட்டைக் கழட்டி, மேல சொன்ன முழுக் கழுவலையும் சக்கரம், ஸ்டாண்டு வரைக்கும் பண்ணி நல்லாக் காய வச்சுட்டுத்தான் உள்ள கொண்டுவாங்க. அவங்க கழுவித்தான் கொடுத்திருப்பாங்க, இருந்தாலும் நீங்களும் கழுவுங்க.

டிரில்லுல மாட்டற சின்ன ரகம் வச்சிருக்கேன், அதுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

ரப்பரும் கழுவறதும் அப்படியே பொருந்தும். டிரில்லு தொடர்ந்து ஓடறதுக்குப் பண்ணினது இல்ல, அதுக்குள்ள ஈரமும் போகக் கூடாது, அதனால நாலஞ்சு கோழிக்கு ஒருதடவை ஆற விடுங்க, பேட்டரி டிரில்லா இருந்தா வீட்டுக் கரண்ட் அடிக்கற பயம் இல்ல, இன்னும் நிம்மதி.

நாலஞ்சு மாசம் ஓட்டப் போறதில்ல, எப்படி வைக்கறது?

நல்லாக் காய வச்சு, பேரிங்குக்கு கிரீஸ் விட்டு, பெல்ட்டைத் தளர்த்தி, நிழல்ல வைங்க. ரப்பருக்கு வெயில்தான் எமன். பிளாஸ்டிக் ஷீட்டால இறுக்கி மூடினா உள்ள வேர்த்துத் துருப்பிடிக்கும், சாக்கோ பருத்தித் துணியோ போதும். முடி வெளிய போற வாயை அடைச்சு வைங்க, இல்லன்னா எலி உள்ள கூடு கட்டி ஒயரைக் கடிச்சு வச்சிருக்கும். மாசத்துக்கு ஒருதடவை தட்டைக் கையால நாலு சுத்து சுத்தி விடுங்க, பேரிங் ஒரே இடத்துல பிடிச்சுக்காது. திரும்ப எடுக்கும்போது கோழி அறுக்கற நாள் காலையில எடுக்காதீங்க, ஒரு வாரம் முன்னாடியே எடுத்து வெறுமன ஓட்டிப் பாருங்க.

என்னென்ன ஸ்பேர் கையில இருக்கணும்?

ஒரு டஜன் விரல், ஒரு பெல்ட், ஒரு கெப்பாசிட்டர். பெல்ட் நம்பர் பெல்ட் முதுகுலயே அச்சடிச்சிருக்கும், ஓட ஓட அழிஞ்சுடும், அதனால புதுசா இருக்கும்போதே அதையும் பேரிங் நம்பரையும் கெப்பாசிட்டர் மேல போட்டிருக்கற அளவையும் ஒரு தகட்டுல பெயிண்ட்டால எழுதி ஸ்டாண்டுலயே கட்டிடுங்க. ஸ்பேர் விரலை மூடின டப்பாவுல இருட்டா இருக்கற இடத்துல வைங்க, மோட்டார் பக்கத்துலயோ வெல்டிங் பண்ற ரூம்லயோ வச்சா போடாமலே வெடிச்சிருக்கும்.